பதினான்கு முறை வரவில்லை

அன்பு மகன் ஐமனுக்கு, அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் நிலவட்டும். மிலானில் குளிர் அதிகமென்று கேள்விப்பட்டேன், நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதும்படிதான் உன் உம்மா சொன்னாள். எழுத முடியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் ஈரல் நோய்க்கு மாத்திரை முடித்து, ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று தாள் வந்தபோது தெருவுக்கே ஷர்பத் ஊற்றினோம், உனக்கு நினைவிருக்கும். அந்தத் தாளை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினேன். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று டாக்டர் முராத் என்னைத் தனியே அழைத்து, "சாச்சா, வைரஸ்தான் போயிருக்கு, ஈரல்ல விழுந்த தழும்பு போகல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா சாச்சியை ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். அவன் என் பெரியப்பா மகன் ஷாபானின் பிள்ளை. ஷாபான் நம் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியதை நான் மறக்கவில்லை, இன்றும் மறக்கவில்லை. இல்லாத நோய்க்கு எதற்கு டாக்டர், ஷாபான் மகன் வாசலில் நான் காத்து நிற்கணுமா என்று உன் உம்மாவிடம் கத்தினேன். "ஒரு தடவை போயிட்டு வந்துடுவோமே" என்றாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

போன மாதம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கால் வீங்கியது. தந்தா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஈரலில் நான்கரை சென்டிமீட்டர் கட்டி. கடைசி ஸ்கேன் எப்போது என்று அங்கே கேட்டார்கள். கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுபோயிருந்த அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அந்த டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உங்கள் ஊர் முராத்திடமே போங்கள், இதில் அவர் கெட்டிக்காரர் என்றார்.

போனேன். முராத் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அலமாரியிலிருந்து இன்ஸாஃப் என்று உன் உம்மா பெயர் எழுதிய அட்டையை எடுத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தேதி, எதிரே 'வரவில்லை'. பதினான்கு முறை. அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளியே வந்ததும் உன் உம்மா, "பதினாலு தடவை வந்திருந்தா ஷாபானோட பதினாலு தடவை சமாதானம் ஆயிருப்பீங்க, அதான் பயந்துட்டீங்க" என்று சிரித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து, வேறு நோய்க்கு மருந்தென்று ஒரே ஊசியை எல்லோருக்கும் குத்தி இந்த நோயைக் கொடுத்தவர்களை இத்தனை வருஷமாகச் சபித்து வருகிறேன். அவர்கள் தெரியாமல் செய்தார்கள். எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி அடைக்கிறார்கள். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றான் முராத். முடிந்தால் வா. என்மேல் உள்ள கோபத்தை அவள் எதிரில் காட்டாதே.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உன் கைக்கு வலுவும் வீட்டுக்கு அமைதியும் தரட்டும். ஒன்றை மறக்காதே. நம் தெரு ஃபத்ஹி அங்கே உன் பக்கத்தில்தான் இருக்கிறான். அவனுக்கும் ஈரலில் தழும்பு உண்டு, அவனும் அதே வருஷம் மாத்திரை சாப்பிட்டான். தாள் வந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே என்று அவனுக்குச் சொன்னது, சின்ன வயதில் அவனுக்குப் பாடம் நடத்திய நான்தான். இன்றே போய் அவனை ஸ்கேனுக்கு அழைத்துப் போ. வாத்தியார் சொன்னது தப்பு என்று வாத்தியாரே எழுதியிருக்கிறார் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் வாப்பா,
அப்துல் மவ்ஜூத்