முட்டியில் கம்பி, வாயில் பறி

தை 9, வியாழன்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தபோது செல்வி வீட்டில் இல்லை. முட்டிச்சில்லு உடைந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மனைவி வாசலைத் தாண்டியதில்லை. தேடிப்போனால் உப்புத்தண்ணீர் ஏரிக்கரைச் சேற்றில் அவள் ஊன்றுகோல் குத்தி நிற்கிறது. அவள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முட்டியில் வைத்த கம்பியின் முனை தோலைக் குத்திப் புண்ணாகிக் கசிகிறது. தண்ணீரே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முட்டியும் மடங்கவில்லை. தினமும் நான் பிடித்து மடக்கினால் தெருவே கேட்கும்படி அலறுவாள்.

"இன்னா செல்வி, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள். கண் மட்டும் சிரித்தது.

பேன்ட்டோடு இறங்கினேன். தூக்கலாம் என்று தண்ணீருக்குள் கைவிட்டால் முட்டி மடங்கியிருக்கிறது. நன்றாகவே மடங்கியிருக்கிறது.

பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இறால் வழுக்கிக்கினு போச்சு மாமா. புடிக்கறதுக்கு குந்திட்டேன். வலிக்கவே இல்ல."

திட்ட வந்தவன் அவளோடு கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றேன்.

வீட்டில் புண்ணை நல்ல தண்ணீரில் கழுவினேன். சுற்றிலும் சிவந்திருக்கிறது. காலையில் டாக்டரிடம் போக வேண்டும். திரும்பவும் அறுக்கச் சொல்வாரோ என்னவோ.

தூக்கத்திலும் அவள் கை போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தது. என் இடக்கை அகப்பட்டது. பிடித்தவள் விடவில்லை. நோட்டு நழுவுகிறது, எழுத்து கோணுகிறது. கோணட்டும்.