ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புமொழி எழுதுகிறேன். மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மாவின் மூட்டுவலி எப்படி? லியோனில் நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் ஆபரேஷனுக்கு வர லீவு கேட்டேன். புது வேலை என்பதால் தரவில்லை. "நீ வேலையப் பாரு ஆத்தா" என்று நீங்கள் சொன்னதும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதி, அம்மா போனுக்குப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நேற்று பிரெஞ்சு வகுப்பில், அடுத்து நடக்கப்போவதைச் சொல்லப் பழகினோம். 'போ' என்ற சொல்லை ஆளுக்கேற்ப மாற்றி, செய்யும் வேலையைக் குறிக்கும் சொல்லை அப்படியே பக்கத்தில் வைத்தால் போதும். 'ழ வே மான்ழே' என்றால் சாப்பிடப் போகிறேன். வீட்டில் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார் டீச்சர். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறார் என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. திரும்பி வரப் போகிறார் என்றும் சேர்த்தேன்.

"ஒரு வாக்கியம்தானே கேட்டேன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நம் வீட்டில் யாரும் வெறும் 'போறேன்' என்று கிளம்புவதில்லை என்று விளக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி ரூமில் ஏசி குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கார் வந்ததும் பதற்றத்தில் மறந்துவிடாதீர்கள் அப்பா. வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஏறுங்கள். அம்மா அதைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பட்டும்.

நான் வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
அன்புமொழி