அனுப்பாத கடிதத்துக்கு ஒரு வேண்டுதல்

சனிக்கிழமை, திருப்பதி.

கனடாவின் வடகோடியில் பேசப்படும் இனுக்டிட்டுட் மொழி பற்றி எட்டு வருடமாக நான் எழுதும் புத்தகம் ஒரே வாக்கியத்தின் மேல் நிற்கிறது: 'வேடன் ஒரு கடல்நாயைக் கொல்லவில்லை.' கடல்நாய் என்ற பெயர்ச்சொல்லோடு 'மிக்' விகுதி சேர்ந்தால், எதையுமே கொல்லவில்லை என்று பொருள். விகுதி இல்லாமல் வினையே கடல்நாயையும் சுட்டினால், குறிப்பிட்ட ஏதோ ஒன்று தப்பிவிட்டது என்று பொருள். எல்லாம் நூல்களில் படித்தது. சரிதானா என்று அந்த மொழி பேசும் ஆசிரியை ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பாமல் நான்கு மாதமாகத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். அனுப்பிவிட்டதாக மனைவி கமலாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று அவள் அலிபிரியிலிருந்து மலைக்குப் படியேறிப் போய்வந்தாள். பதில் வரவேண்டும் என்று வேண்டுதலாம். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தைலம் தேய்த்துவிட்டேன்.

"ஏங்க, பதில் வந்துச்சா?"

"இல்லை."

"எட்டு வருசமா எழுதிக்கினு கீறீங்க, பெருமாள் கைவிட்ருவாரா? வர்ற சனிக்கிழமை இன்னொரு தபா ஏறுறேன்."

"வேணாம் கமலா."

"பயந்தாங்கொள்ளி! நானா நீங்களா ஏறப்போறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தூங்கிவிட்டாள்.

கணினியைத் திறந்தேன். மின்னஞ்சலின் மூன்றாம் வரியில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன். மூடிவிட்டேன்.