நடுவில் விடுபட்டவர்கள்

திங்கள், காலை

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு, உங்கள் தொகுதியிலேயே அதிகம் பயப்படும் வாக்காளன், அதாவது உன் கணவன், எழுதுவது.

நானும் மகளும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். மகள் நலம், நான் இல்லை. போனில் சொல்லாமல் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். என் போனை நான் மட்டும்தான் பார்க்கிறேனா என்று சில நாட்களாகச் சந்தேகம். மாடிவீட்டுப் பல் டாக்டர் ஏதோ மாநாட்டுக்காகத் தலைநகருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கல்யாண நாள் வாழ்த்து என்று சொல்லியிருக்கிறேன். அவர் உனக்கு வாழ்த்துச் சொன்னால் முழிக்காதே.

வியாழக்கிழமை உன் கேள்வி வருகிறது. போன மாதம், வெயில் மண்டையைப் பிளந்த அந்தப் பிற்பகலில், மின்சாரம் பற்றாமல் போனபோது அரசின் புதிய மென்பொருள் டிஜிட்டல் மீட்டர்களைத் தொலைவிலிருந்தே அணைத்தது. மருத்துவக் கருவி ஓடும் வீடுகளை அது தொடக்கூடாது. தொட்டது. மூன்று பேர் இறந்தார்கள். தொடக்கூடாத வீடுகளின் பட்டியலைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த அதிகாரி யார் என்பது உன் கேள்வியின் மூன்றாவது பிரிவு. அந்த அதிகாரி நான்.

இரண்டாம் தடவை படிக்காதே. சரியாகத்தான் படித்திருக்கிறாய்.

அன்று மாலை நீ என்னிடம் கேட்டாய், “இன்னைக்குக் கட்டுப்பாட்டு அறையில நீங்களா இருந்தீங்க?” என்று. இல்லை என்றேன். பொய் இல்லை. அன்று எனக்கு விடுமுறை. பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தது அதற்கு ஒன்பது நாள் முன்னால். அந்த ஒன்பது நாளுக்குப் பின்னால் ஒரு மாதமாக ஒளிந்துகொண்டிருக்கிறேன். நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த மூன்றாவது பிரிவை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாயே, அப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த நான் விரலை வெட்டிக்கொண்டேன். கத்தி சரியில்லை என்றேன். நீ கட்டுப் போட்டுவிட்டு, “நாளைக்கே சாணை பிடிச்சிட்டு வாங்க” என்றாய். பிடித்துக்கொண்டும் வந்தேன்.

எங்கள் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியல் திரைக்கு வரும். ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். பத்து நிமிடத்துக்குள் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தாமதித்தால் திரை சிவப்பாகி மேலே புகார் போய்விடும். பத்து நிமிடத்தில் ஆறாயிரம் வீட்டை எவன் பார்ப்பான்? அதனால் நாங்கள் எல்லோரும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்ப்போம். தலையும் வாலும் பார்ப்பது என்று அதற்குப் பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான்தான் அதைச் சொல்லிக் கொடுப்பேன், ஏதோ பெரிய வித்தை மாதிரி. இந்தத் தடவை தலை இருந்தது, வால் இருந்தது. நடுவில் நானூறு வீடுகள் இல்லை. பழைய பட்டியலைப் புதியதாக மாற்றும்போது மென்பொருள் விழுங்கிவிட்டது. நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை என் மேலதிகாரி கூப்பிட்டார். இருபது வருடத்தில் முதல்முறையாக எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மென்பொருளில் குறையே இல்லை, ஓர் ஊழியரின் கவனக்குறைவு என்றுதான் அமைச்சரின் பதில் தயாராகியிருக்கிறதாம். பதிலோடு ஊழியரின் பெயரும், அவர் யாருடைய கணவர் என்பதும் தனித்தாளில் இருக்கிறதாம். “உங்க வீட்டம்மா கேள்வியை வாபஸ் வாங்கிட்டா அந்தத் தாளை யாரு புரட்டப்போறாங்க? நீங்களே எடுத்துச் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க” என்று தோளைத் தட்டினார். வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தால் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்குத் தேநீர் வாங்கி வைத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போவது கிடக்கட்டும், சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். வாசலில் கார் நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். பெரும்பாலும் அது பல் டாக்டரைப் பார்க்க வருகிற பல்வலிக்காரர்தான். “ஏம்பா கதவை மூணு தடவை இழுத்து இழுத்துப் பாக்கறீங்க?” என்று மகள் கேட்டுவிட்டாள்.

அதனால் கேட்கிறேன். கேள்வியை வாபஸ் வாங்கிவிடு. புதன் மாலை ஐந்து மணிவரை எழுதிக் கொடுக்கலாம் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். தொழில்நுட்பம், மின்சாரம், தகவல் பாதுகாப்பு என்று எது வந்தாலும் உன் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. ‘மீட்டர் அம்மா’ என்று உன்னை அங்கே எல்லோரும் கேலி செய்வதும், அந்தக் கேலியில் உனக்கு உள்ளூரப் பெருமை என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் கையைக் கீழே வை. எனக்காக.

செவ்வாய், மாலை

டாக்டரின் பயணம் நாளைக் காலைக்குத் தள்ளிப்போய்விட்டது. மதியத்துக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். அதனால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். கிழிக்கவில்லை. உன்னோடு குடித்தனம் நடத்துகிறவன் எப்படிப்பட்டவன் என்று நீ முழுதாகத் தெரிந்துகொள்வதே நல்லது.

இன்று நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், ஆக்சிஜன் கருவியோடு படுத்திருந்தாரே, அன்று போன மூன்று பேரில் அவர் ஒருவர். அதற்குப் பிறகு நான் அவருடைய தையற்கடையைக் கடக்கக் கூடாது என்பதற்காகவே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன். கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும், விஷயம் தெரிந்து என்னைக் கேட்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அவர் நின்றபடியே கேட்டார். “அண்ணா, நீங்க கரண்ட் ஆபீஸ்லதானே இருக்கீங்க? ஒண்ணு கேக்கணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அன்னைக்கு அவசரமா ஒரு துணி குடுக்க வேண்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டியையும் தையல் மிஷினையும் ஒண்ணாப் போட்டுட்டேன். அப்பத்தான் கரண்ட் போச்சு. என்னாலதான் போச்சா?”

ஒரு மாதமாக அந்த அம்மாள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார். இஸ்திரிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாராம். மிஷினைத் தொடவே கை வரவில்லையாம். தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அப்பாவைக் கொன்றவள் என்று வெறுத்துவிடுவார்களோ என்று பயம். எனக்கு இருக்கும் அதே பயம். என்னுடையதை அவர் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

“உங்களால இல்லைங்க. சத்தியமா உங்களால இல்லை” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். “அப்ப யாரால அண்ணா?” என்றார். சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். நான் ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். நம்பவில்லை.

அதனால் கேள்வியை வாபஸ் வாங்காதே. கேள்.

அமைச்சர் என் பெயரைச் சொன்னதும் சபை சிரிக்கும், அந்தப் பக்கத்து வரிசை மேசையைத் தட்டும். நீ உட்கார்ந்துவிடாதே. துணைக் கேள்வி கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆறாயிரம் வீடுகளைச் சரிபார்க்க எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள் என்று கேள். பழைய பட்டியலில் எத்தனை பேர், புதியதில் எத்தனை பேர், அந்த எண்ணிக்கை குறைந்ததை மென்பொருள் ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேள். இந்த நேரம் போதாது, நடுவில் விடுபட்டால் தெரியாது என்று ஊழியர் ஒருவர் இரண்டு முறை எழுத்தில் கொடுத்தாரே, அதற்கு என்ன பதில் அனுப்பினீர்கள் என்று கேள். அந்த இரண்டு குறிப்புகளின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. விடுபடலாம் என்று எழுதியவனே பார்க்காமல் அழுத்தினான் என்றால் என் தப்பு இரண்டு மடங்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. ஆனால் இதே பொத்தானை இந்த மாதமும் யாரோ பத்து நிமிடத்தில் அழுத்தத்தான் போகிறார்கள்.

வியாழன் பத்து மணிக்குக் கேள்வி நேரம். ஒன்பதரைக்கே நான் தையற்கடைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். அமைச்சர் வாயால் அந்த அம்மாள் அதைக் கேட்கக் கூடாது. இன்றே போகலாமே என்று நீ கேட்பாய். இன்று என்னால் முடியவில்லை. வியாழக்கிழமை நீ அங்கே எழுந்து நிற்கப்போகிறாய் என்றால்தான் எனக்கு இங்கே கால் நகரும். அவர் என்ன சொன்னாலும் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும். யார் சிரித்தாலும் நீ கேட்டு முடிக்க வேண்டும், நல்லபடியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்னைப் பற்றி நீ என்ன முடிவு எடுப்பாய் என்று நான் கேட்கவில்லை.

மகளின் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டமாம். அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டும் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அன்புடன்,
உன் கணவன்