ஓட்டுக் கூரைக்கு வைத்திருந்த சீட்டு

அக்கா,

இன்று காலை வெண்ணெய் உருக்கினேன். சட்டியில் முருங்கைக்கீரை பொரிந்து மணம் எழுந்ததும் என் கண் தானாகப் பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் போயிற்று. அந்த மணம் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "எறக்கு ஏட்டி, கருகப் போவுது" என்று உங்கள் குரல் வரும். இன்று வரவில்லை. பதம் பார்த்து நானே இறக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கூமாப்பட்டியில் ஊர்க்கணக்கு பார்த்த என் அப்பா எனக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்திருந்தார். அது இதற்காவது ஆகட்டும்.

தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இலங்கைக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சேதியும் இல்லாமல், இரண்டு பிள்ளைகளோடு நான் இராஜபாளையம் வந்து சேர்ந்த புதிது. உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த குடிசைக்கு வாடகை பேசினேன். பகலெல்லாம் பருத்திப் பேட்டையில் பஞ்சு தரம் பிரித்தேன். அந்தக் கூலி பிள்ளைகளின் அரை வயிற்றுக்குத்தான் போதும். எனக்கு எருமை தெரியும். பிறந்த வீட்டில் எருமைகளோடு வளர்ந்தவள் நான். ஒரு கறவை எருமை கிடைத்தால் நிமிர்ந்துவிடலாம் என்று ராத்திரியும் பகலும் அதே நினைப்பாக இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து போய், வட்டிக்குக் கொடுக்கிற ஒருவர் வீட்டு வாசலில் நின்றது உங்களுக்குத் தெரியும். நிலம் உண்டா, வீடு உண்டா, நகை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"ஜாமீன் நிக்க ஆம்பளை ஆரு?"

"இலங்கையில இருக்காரு."

அவர் சிரித்தார். "அப்பம் கழுத்துல கெடக்கதைக் கழட்டி வையி" என்றார். திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு செட்டியார்பட்டி மாட்டுத் தரகர் எருமையைக் கடனாகத் தருகிறேன் என்றார். கடன் தீரும் வரை என் மகள் அவர் வீட்டில் இருந்து வேலை செய்ய வேண்டுமாம். அன்று உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் என்னைத் தேற்றவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே, "மாசம் எம்புட்டு உன்னால எடுத்து வைக்க முடியும்? நெசத்தைச் சொல்லு" என்று மட்டும் கேட்டீர்கள்.

உங்கள் முற்றத்தில் பெண்கள் சேர்ந்து குலுக்கல் சீட்டு நடத்தினார்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் ஒரே அளவு போடுவார்கள்; செம்பில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு மொத்தத் தொகையும். ஏலமும் கிடையாது, வட்டியும் கிடையாது. வட்டி உங்கள் மார்க்கத்துக்கு ஆகாது என்பீர்கள். என்னைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டதும் மற்றவர்கள் முகம் மாறியது. கோடி வீட்டு ரெட்டியார் வீட்டம்மா வெளிப்படையாகவே பேசினார். "தப்பா நெனைக்காதம்மா. நீ எந்த ஊரோ, யாரு பெத்த பிள்ளையோ. மொத்தத்தை வாங்கிட்டு ராவோட ராவா போயிட்டா உன்னை எங்க தேடுறது?" அவர் கேட்டது நியாயம்தான்.

அந்த மாதச் சீட்டு உங்கள் பெயருக்கு விழுந்திருந்தது. மழைக்கு முன்னால் கூரையை மாற்றி ஓடு போட வேண்டும் என்று நீங்கள் ஒரு வருஷமாகச் சொல்லிவந்தது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"என் சீட்டை இவளுக்குக் குடுக்கேன்" என்றீர்கள். "கடைசிச் சீட்டு எனக்கு. இவ கட்டாமப் போனா இவ பங்கையும் சேத்து நான் கட்டுதேன்."

"வீட்டுல அவிய கேட்டா?" என்றார் அந்த அம்மா.

"கேட்டா, இந்த மழைக்கும் நனைவோம்னு சொல்லுதேன்."

அப்படித்தான் என் எருமை வந்தது. இரண்டு மாதம் பாலும் தயிரும் விற்றுச் சீட்டுப் பணத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து வைத்தேன். ஐப்பசியில் கோமாரி வந்தது. எருமையின் வாயும் குளம்பும் புண்ணாகி, பால் வற்றிப்போனது. அந்த மழையில் உங்கள் வீட்டில் ஒழுகாத இடமே இல்லை. பிள்ளைகளை ஒரு மூலையில் ஒண்ட வைத்துவிட்டு நீங்கள் சட்டி பானைகளை நகர்த்தி நகர்த்தி வைப்பது எனக்குக் கேட்டது. என்னால் படுக்க முடியவில்லை. நான் கட்டத் தவறினால் அந்தப் பங்கும் உங்கள் தலையில்.

விடிந்ததும் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றேன். அத்தனை நாள் சேர்த்து வைத்த எருக்குவியல் நனையாமல் கீற்றுக்கு அடியில் கிடந்தது. பருத்தி விதைக்கிறவர்களுக்கு எரு வேண்டிய காலம் அது. காட்டுப்பக்கம் நடந்து, ஒவ்வொரு புஞ்சையாகக் கேட்டேன். கடைசியில் பருத்தி போடுகிற ஒரு சம்சாரி வண்டியோடு வந்தார். "நல்லா மக்கின எரு. இனிமே சேருறதையும் எனக்கே குடு" என்று முன்பணமும் கொடுத்தார்.

அன்று மாலை உங்கள் முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். எருமைக்குச் சீக்கு என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. நீங்கள் உங்கள் பங்கோடு என் பங்கையும் முந்தியில் முடிந்து வைத்திருந்தீர்கள். அந்த முடிச்சின் பருமனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. நான் என் காசை நடுவில் வைத்தேன். ரெட்டியார் வீட்டம்மா எண்ணிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சீக்கு மாட்ட வச்சிக்கிட்டு எப்படிம்மா கட்டுன?" என்றார். "சாணி வித்தேன்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் முற்றமே சிரித்தது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எருமை தேறியது, ஈன்றது. ஒரு மாதம்கூடத் தவறாமல் நான் கட்டி முடித்தேன். கடைசிச் சீட்டை நீங்கள் வாங்கினீர்கள். உங்கள் கூரையில் ஓடு ஏறிய அன்று ஓடு வேய்ந்தவர்களுக்கு மோர் கொடுத்தது நான்தான். அடுத்த மழையின் முதல் இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் விழித்திருந்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

சில வருஷம் கழித்து, அதே செட்டியார்பட்டித் தரகர் என் கொட்டில் வாசலுக்கு ஒரு சினை எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார். "பணம் பொறவு தந்தாப் போதும் தாயி, உன் பேச்சு போதாதா" என்றார். உள்ளே போய் முழுப்பணத்தையும் எடுத்து வந்து அவர் கையில் எண்ணி வைத்தேன். எண்ணும்போது என் மகள் பக்கத்தில் நின்றாள். இப்போது அவளுக்கும் கல்யாணமாகி, மாமியார் வீட்டில் இரண்டு எருமை நிற்கிறது. வீட்டுக்காரர் வரவே இல்லை. வருவார் என்று காத்திருப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிய மாதமும் சீட்டுக்குக் கூடினோம். பெயர்களை எழுதும்போது உங்கள் பெயர் வந்ததும் என் கை நின்றது. "அவிய பங்கை எடுத்துருவமா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். "எடுக்கக் கூடாது" என்று ரெட்டியார் வீட்டம்மாதான் சொன்னார். உங்கள் பங்கை நானும் அவரும் பாதிப் பாதியாகக் கட்டுகிறோம். உங்கள் பெயர் விழும்போது, ஜாமீனுக்கு ஆளில்லாமல் வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டு. வாங்கினவர் மெல்லக் கட்டித் தீர்ப்பார். அப்படித் திரும்பி வரும் பணம் அடுத்து வருகிறவருக்கு.

போன வாரம் உங்கள் பெயர் விழுந்தது. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கையில் பிள்ளை, ஊரில் ஒருவரையும் தெரியாது. தறி ஒன்று வாங்க வேண்டுமாம். பணத்தைக் கையில் வைத்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஆரு பணம்க்கா? நான் ஆருக்குக் கடன்பட்டிருக்கேன்?"

உங்கள் பெயரைச் சொன்னேன். அவள் ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.