அப்பா, உங்கள் கை எந்தப் பக்கம்?

என் அன்பு அப்பாவுக்கு,

ஒஸ்லோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அம்மா சுகம். எய்ரிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். என் நண்பன் என்று கூட்டி வருவேன். நீங்களும் தேநீர் கொடுத்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டீர்கள். புதுவருடத்திலிருந்து இந்த நாட்டில் ஆணும் ஆணும் சட்டப்படி கலியாணம் கட்டலாம். மாசியில் நாங்கள் கட்டப்போகிறோம் அப்பா.

போன வாரம் பஸ் டிப்போவின் சாப்பாட்டு அறையில் அமெரிக்கச் செய்தி ஓடியது. கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு வைத்து இப்படியான கலியாணத்தைத் தடுத்துவிட்டார்களாம். எல்லாம் கறுப்பர் போட்ட வாக்குத்தான் என்றான் என்னோடு பஸ் ஓட்டும் நோர்வேக்காரன் ஒருவன். எதிர்த்துப் போட்ட வெள்ளைக்காரரைப் பற்றி அங்கே யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் ஆட்களைக் கேட்டாலும் இதுதானே நடக்கும் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும், எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில்தான் என் கலியாண விருந்து, வந்து பார் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குரோருட்டில் சங்கக் கூட்டம். மண்டபம் கேட்டேன், கலியாணம் யாரோடு என்றும் சொன்னேன். தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கொடுக்கலாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். எனக்குத் தமிழ் படிப்பித்தவர்கள், உங்கள் செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர்கள், எல்லோரும் இருந்தார்கள். ஒரு கையும் எழவில்லை. பிறகு பின்வரிசையில் அம்மாவின் கை எழுந்தது. எய்ரிக்கோடு இன்னும் ஒரு வார்த்தை பேசாத அம்மா!

"இவன்ர அப்பா பெயின்ற் அடிச்ச மண்டபம் இது," என்றார். "இவனுக்கு இல்லையெண்டா வேற ஆருக்கு?"

அதற்குப் பிறகும் வேறு கை எழவில்லை. மண்டபமும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா உங்களைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கொப்பர் இருந்திருந்தா என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியேல்லை." பிறகு யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை டிப்போவில் அந்த நோர்வேக்காரன் மறக்காமல் கேட்டான், விருந்து எப்போது என்று. உண்மையைச் சொன்னால் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு எங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு மண்டபத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம் என்றேன். எனக்காக ஒரு கையைத் தூக்காதவர்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன், பாருங்கள். இதை எய்ரிக்குக்கு விளக்கவும் முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தும் இவ்வளவு தனித்துப்போவேன் என்று நான் நினைத்ததேயில்லை.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால்? கையை மடியிலேயே வைத்திருந்திருப்பீர்களா, அம்மாவோடு சேர்ந்து உயர்த்தியிருப்பீர்களா?

நீங்கள் இருந்திருந்தால் இதற்கு விட்டிருக்கமாட்டீர்கள் என்று சிலர் கதைக்கிறார்களாம். சம்மதித்திருப்பீர்கள் என்று பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்லமாட்டேன் அப்பா. கேட்காமலே ஒருவரை ஒரு பக்கம் சேர்ப்பது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

விருந்து எங்கள் வீட்டிலேயே. அம்மாவுக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு கதிரை போட்டுவைப்பேன். அதற்குமேல் உங்கள் பெயரில் நான் கை தூக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகன்,
ரவி