அழச் சொன்னவர்கள்

அக்கா,

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் உங்களுக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் தொங்குகிறது. உங்கள் முகம் ஒரு மூலையில். கைகூப்பி நிற்கும், நம் பிள்ளைகள் ஹோமின் செயலாளருடைய படம் அதைவிடப் பெரிது. மருந்துக்கடை வேலைக்குப் போகும் வழியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை, அருவருப்புதான் வருகிறது.

எங்கள் ஊர் காணையிலிருந்து என்னை அந்த ஹோமுக்குக் கூட்டிவந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மாமனுக்குக் கட்டிவைக்க இருந்தார்கள். தாலி ஏறும் முன் அதிகாரிகள் வந்து மீட்டார்கள். வார்டனான நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நலங்கு மஞ்சள் போகக் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தீர்கள்.

மறுநாளே நன்கொடையாளர்கள் வந்தார்கள். நடந்ததை மைக்கில் சொல்லச் சொன்னார் செயலாளர். காதருகே குனிந்து, "கொஞ்சம் அழுதுக்கினே சொல்லும்மா. அப்பதான் அவுங்களுக்கு மனசு எறங்கும்" என்றார். வாயில் பாக்கு நாற்றம். நீங்கள் குறுக்கே வந்து மைக்கை வாங்கிக்கொண்டீர்கள்.

"இந்தப் பொண்ணு பேசாதுங்க சார். உங்க ஊட்டுப் பொண்ணுன்னா இப்பிடி நிக்க வெப்பீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பிள்ளைகளிடம் நீங்கள் சரியாக நடந்துகொள்வதில்லை என்று சொல்லி, அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பினார். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி ஆயாவாகச் சேர்ந்தீர்கள். லீவு கிடைத்தால் பஸ் ஏறி வந்து ஹோம் கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். உள்ளே விட மாட்டார்கள். கம்பி வழியாக, வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை நீட்டுவீர்கள்.

நேற்று உங்களுக்கு இரங்கல் கூட்டம். உங்களைத் தன் கூடப்பிறந்தவள் மாதிரி என்றார் அதே செயலாளர். பிறகு, நீங்கள் காப்பாற்றிய பெண் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கேமராக்காரர் கிட்டே வந்தார். இந்த முறை மைக்கை நானே வாங்கினேன்.

"அக்காவ வேலைய உட்டுத் தொரத்துனவரு இவருதாங்க."

உடனே மைக்கை அணைத்துவிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர், டீ வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

கீழே இறங்கினேன். உங்களைப் பார்த்தே இராத ஹோம் பிள்ளைகளின் கையில் உங்கள் படத்தைக் கொடுத்து, பின்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்க எப்பக்கா அழணும்?"

அழ வேண்டாம் என்றேன்.

நாளை விழுப்புரம் போகிறேன், குழந்தைகள் நலக் குழுவிடம் புகார் கொடுக்க. நீங்கள் போன துக்கம் மெல்ல ஆறிவிடும், அக்கா. அந்தப் பிள்ளை கேட்டதில் வந்த அருவருப்பு ஆறக் கூடாது. அதை அப்படியே கொண்டுபோய் அவர்கள் மேஜைமேல் கொட்ட வேண்டும்.